சக்கையில் ஒரு குரல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் இருந்தால் போய் இறக்கிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஒரு கதை சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதை இப்போது சொல்கிறேன். இது நடந்த கதை இல்லை, இனிமேல் நடக்கப்போகிற கதை. உங்கள் பிள்ளைகளுடைய பிள்ளைகள் காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் வரிக்கு வரி 'நடக்கும், நடக்கும்' என்று சொல்லிக்கொண்டு போனால் எனக்கே குழம்பிவிடும். அதனால் நடந்து முடிந்த மாதிரியே சொல்கிறேன். கதையில் வருகிறவர்களுக்குத்தான் ஏகப்பட்ட குழப்பம். நமக்கும் எதற்கு?

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற ஒரு சந்து. அங்கே தாரணியும் அவள் புருஷன் பூபதியும் தோசை மாவு அரைத்து விற்றார்கள். தாரணி அரைப்பாள், பூபதி வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்தக் காலத்தில் எதையும் மொட்டை மாடிக்கே பறந்து வந்து போட்டுவிட்டுப் போகிற இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பறந்து வந்த மாவு சீக்கிரம் புளித்துவிடுகிறது என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் அடித்துச் சொன்னார்கள். அது நிஜமோ பொய்யோ, பூபதிக்கு வேலை இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகன், செழியன். இருபத்தைந்தைத் தாண்டியவன், நல்ல உயரம், நல்ல தோள். பேச்சு மட்டும் வராது. பிறந்ததிலிருந்தே ஒரு சொல் பேசியதில்லை. அவன் சாப்பிடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. காலையில் கிரைண்டர் ஓடும்போது தாரணி பாடுவாள். அவன் உளுந்து மூட்டையில் சாய்ந்துகொண்டு, அவள் பாடப் பாடத் தோசையைப் பிய்த்துத் தின்பான். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். சாயங்காலமும் அப்படியே. பாட்டு என்றால் பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை, அவளே கட்டியது:

*சுத்து சுத்து கருங்கல்லே,*
*சோம்பலென்ன உனக்குள்ளே,*
*ஓரம் முறுகத் தோசை சுட்டா*
*ஊதித் தின்பான் எம்புள்ளே.*

இவ்வளவுதான் பாட்டு. இதையே மாவு வெண்ணெயாகிற வரைக்கும் பாடுவாள்.

அந்தத் தாரணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. புண் ஆறிய பிறகு கழுத்தில் சின்னப் பெட்டி ஒன்று மாட்டினால் அதன் வழியாகப் பேசலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பாடத் தெரியாது.

"மாமா," என்றாள் தாரணி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு. "எனக்குப் பேச்சு போறதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. அவன் எப்புடிங்க திம்பான்?"

"அட, இதுக்கா அழுகறே? பாட்டை எடுத்து வெச்சுக்கலாம் அம்மணி. ஊட்ல கம்ப்யூட்டர் இருக்குது. ஒரு மைக்கு வாங்குனாப் போதும்."

ஒரு மைக்கு. அந்த மனுஷன் அப்படித்தான் நினைத்துக்கொண்டு காந்திபுரத்துக்குப் போனான்.

அங்கே பாட்டுச் சாமான்கள் விற்கிற முபாரக் பாய் நல்ல மாதிரி. வந்தவர்களை உட்காரவைத்து டீ சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

"வீட்லயே பாடிப் பதியணும். புதுசாத் தொடங்கறீங்க. அவ்வளவுதானேண்ணா? சொல்லுங்க, கண்டன்சரா, டைனமிக்கா?"

"மைக்கு வேணும் பாய்."

"ரெண்டும் மைக்குதாண்ணா. கண்டன்சர் ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். டைனமிக் கொஞ்சம் மந்தம், வாய்கிட்ட வெச்சுப் பாடணும். கம்ப்யூட்டர்ல நேரா சொருகறதா, நடுவுல இன்டர்ஃபேஸ் வெச்சுச் சொருகறதா?"

"நடுவுல எதுக்குங்க ஒருத்தன்?"

"அவன்தாண்ணா மைக்குக்குக் கரண்டு குடுப்பான். அப்புறம் ஹெட்போன், காதை முழுசா மூடறது. ஸ்டாண்டு. இந்த வட்டமா இருக்குதே, இது பாப் ஃபில்டர். 'ப' சொல்றப்ப வாய்லருந்து காத்து புஸ்ஸுனு அடிக்குமில்ல, அதைத் தடுக்கும்."

பூபதி அந்த வட்டத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாவு சலிக்கற சல்லடையாட்டத்தான் இருக்குது. எங்கூட்ல நாலு கெடக்குது." பாய் சிரித்தார். பூபதி சிரிக்கவில்லை. அவனுக்குத் தலை சுற்றியது. "இதெல்லாம் இல்லாம, சும்மா கேக்கறதைக் கேட்டபடியே வெச்சுக்கற மைக்கு இல்லீங்களா?"

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த மாதிரி இப்ப வர்றதில்லையேண்ணா. எல்லாம் வடி மைக்குதான்."

இந்த வடி மைக்கை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் வீட்டில் இருந்த இயந்திரமெல்லாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டில் பாட்டுப் பதிந்தால் அடுத்த வீட்டுச் சண்டையும் சேர்ந்து பதிந்து ஊரெல்லாம் போனது. கல்யாணங்கள் முறிந்தன, சிலருக்கு வேலை போனது. பேசாதவர்கள் பேசியதாகவும் ஆகிப்போனது. அதனால் ஒரு சட்டம் வந்தது. ஜனங்கள் அதை 'அடுத்த ஊட்டுச் சட்டம்' என்றார்கள். வீட்டு மைக் எதுவானாலும், தன்னிடம் பேர் சொன்னவரின் குரலை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். மற்றதையெல்லாம் வடித்து ஒதுக்கிவிட வேண்டும். நல்ல சட்டம்தான். தப்புச் சொல்ல முடியாது.

"ஒதுக்குனது எங்க போகும்?" என்று பூபதி கேட்டான்.

"அதுக்குச் சக்கைன்னு பேரு. மைக்குக்குள்ளயே பூட்டிக் கெடக்கும். வடிச்சது தப்புன்னு யாராச்சும் கேசு போட்டா எடுத்துப் பாக்கறதுக்கு. நீங்க அடுத்த தடவை பதிஞ்சா பழைய சக்கை அழிஞ்சுடும். அது நமக்கெதுக்குண்ணா? நமக்குப் பாட்டு வந்தாப் போதாதா?"

போதும் என்றுதான் பூபதிக்கும் தோன்றியது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாததால், கம்ப்யூட்டரில் நேராகச் சொருகுகிற மைக்காக, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை அதைச் சமையலறை அலமாரியில் வைத்தார்கள். தாரணி அதனிடம் பேரைச் சொன்னாள். பூபதி பதிவு பட்டனைத் தட்டிவிட்டு, ஆர்டர் மாவை எடுத்துக்கொண்டு வண்டியில் போய்விட்டான். அவள் வழக்கம்போலக் கல்லைக் கழுவினாள், அரிசியைப் போட்டாள், பாடினாள். செழியன் வழக்கம்போலத் தின்றான். பக்கத்து வீட்டு வளர்மதி வழக்கம்போல மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாள். கல் கழுவுகிற தண்ணீர் வளர்மதி வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடும். அது பல வருஷத்துச் சண்டை. இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

பூபதி திரும்பி வந்து கேட்டான். தாரணி குரல் மட்டும் தனியாக, சப்பென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"மைக்கு சரியில்ல அம்மணி. சின்னது வாங்குனது என் தப்பு."

கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். இந்தத் தடவை பாய் சொன்னதையெல்லாம் வாங்கினான். கண்டன்சர், இன்டர்ஃபேஸ், ஹெட்போன், ஸ்டாண்டு, சல்லடை வட்டம். பாய் ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்பினார். "எடம் அமைதியா இருக்கணுமண்ணா. வடிக்கற வேலை எவ்வளவு கம்மியோ, பாட்டு அவ்வளவு சுத்தமா வரும்."

அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பீரோ இருக்கிற உள்ளறையில் ஜமக்காளமும் போர்வையும் சுற்றிலும் தொங்கவிட்டார்கள். ஃபேன் நின்றது. கிரைண்டர் நின்றது. தாரணி வளையலைக் கழற்றி வைத்தாள். மூச்சு இழுக்கிற சத்தம்கூட விழக்கூடாது என்று முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கினாள். வேர்த்து வழிய வழியப் பாடினாள். பாட்டு தேனாக வந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்ட பூபதி, அந்த இருட்டறையில் போர்வைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான்.

"அவனுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டிப் பாக்கலாமா?"

"வேண்டாங்க," என்றாள் தாரணி. "நான் முன்னால நிக்கறப்ப நான் பெட்டிக்குள்ள பாடுனா அவன் பயந்துக்குவான். குரல் போனதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

ஒரு தாய் வேறு எப்படிச் சொல்வாள்? போட்டுக் காட்டவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு தாரணி வீட்டுக்கு வந்தாள். பூபதி மாவு வியாபாரத்தை நிறுத்திவைத்தான். அவளுக்கு ஓய்வு வேண்டும், பாட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். செழியனை உட்காரவைத்து, தட்டில் தோசையை வைத்து, பாட்டைப் போட்டான்.

செழியன் ஸ்பீக்கரைப் பார்த்தான். எழுந்து போய் அதன் பின்பக்கம் பார்த்தான். அம்மாவிடம் வந்து அவள் வாயைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாளும் அப்படியே. பூபதி சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான். கிரைண்டரைச் சும்மா ஓடவிட்டும் பாட்டைப் போட்டுப் பார்த்தான். அப்போது மட்டும் செழியன் எழுந்து வந்து மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்தான். காத்திருந்தான். எதற்கு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய்விட்டான். மோரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. தோள்பட்டை எலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற விடுதியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். "அங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்றும் சொன்னார். தாரணி எழுந்து போய்ச் செழியனின் செருப்பை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவனை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று அவளால் அப்போது சொல்ல முடிந்த விதம் அது.

பூபதி முபாரக் பாயிடம் ஓடினான்.

பாய் பாட்டைப் போட்டுக் கேட்டார். "தேன் மாதிரி இருக்குதேண்ணா."

"தேனுதான் பாய். எம்பையன் ஈ இல்லையே!"

அவன் கத்தியதில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தாடியைத் தடவினார்.

"அண்ணி வீட்ல பாடறப்ப வேற என்னென்ன சத்தம் இருக்கும்?"

"கிரைண்டரு. வளையலு. அதைப் போட்டுப் பாத்தாச்சு பாய். வந்து உக்காந்தான், எதையோ எதிர்பாத்தான், போய்ட்டான்."

"அப்ப வேற என்னமோ இருந்திருக்குது. உங்களுக்கே தெரியாத ஒண்ணு. அது சக்கையில போயிருக்கும். இந்தப் பெரிய மைக்குல ஒண்ணும் இருக்காது, நீங்கதான் வீட்டையே ஊமையாக்கிட்டுப் பாடுனீங்க..." என்றவர் நிறுத்தினார். "மொதல்ல ஒண்ணு கொண்டுபோனீங்களே, சின்னது. சமையக்கட்டுலதானே பதிஞ்சீங்க?"

இருவரும் அலமாரியைப் பார்த்தார்கள். அது இன்னும் விற்றிருக்கவில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எதை எடுத்தாலும் 'ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு' என்று பதிந்து பார்ப்பார்கள். ஒரே ஒரு ஹலோ போதும், பழைய சக்கை போய்விடும். பாய் அதைக் கம்ப்யூட்டரில் சொருகினார். பூபதி கண்ணை மூடிக்கொண்டான்.

கம்ப்யூட்டர் மரியாதையாகச் சொன்னது: "மீதி ஒலி உள்ளது. அதில் இரண்டு குரல்கள் உள்ளன. அவர்கள் சம்மதித்தால் மட்டுமே திறக்கப்படும்."

இருப்பதிலேயே சின்ன மைக்கை யாரும் சீந்தவில்லை. அதனால் பிழைத்தது.

"ரெண்டு பேரா?" என்றான் பூபதி. "ஒண்ணு நானாத்தான் இருக்கோணும்."

"மைக்கு முன்னால 'என் சத்தம் இருக்கட்டும்'னு சொல்லுங்கண்ணா. அதான் சம்மதம். அது பதிவாகாது, பயப்படாதீங்க."

"என் சத்தம் இருக்கட்டும்."

"மன்னிக்கவும். நீங்கள் இதில் இல்லை."

அப்போதுதான் பூபதிக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்குப் பட்டனைத் தட்டிவிட்டு வண்டியில் போய்விட்டோம் என்று. "அப்ப யாரு பாய், எங்கூட்ல ரெண்டு பேரு?"

கடையில் வைத்துக்கொண்டு எதுவும் ஆகாது என்று பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மைக்கோடு தானும் சிங்காநல்லூருக்கு வந்தார். கதை அவரையும் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள்.

முதலில் வளர்மதி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பல வருஷத்துக்குப் பிறகு பூபதி அந்த வாசலில் நிற்கிறான். கதவைத் திறந்த வளர்மதி இடுப்பில் கையை வைத்தாள்.

"என்னுங்கண்ணா? இன்னிக்குத் தண்ணிகூட வரலையே, எதுக்கு வந்திருக்கீங்க?"

பூபதி தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நான் கத்துனது அந்தப் பொட்டிக்குள்ள இருக்குதா? அட கெரகமே! அதை நாலு பேரு கேக்கோணுமா?"

"உங்க சத்தமா இருந்தாத்தாங்கக்கா. எங்களுக்கு உறுதியாத் தெரியல."

"எனக்குத் தெரியும். காலங்காத்தால இந்தச் சந்துல கத்தறவ நான் ஒருத்திதான்." பிறகு குரல் இறங்கியது. "தாரணி ஆஸ்பத்திரிக்குப் போனதுலருந்து நான் ஒரு வார்த்தை கத்தலீங்ணா. ஒடம்பு முடியாத பொம்பளையத் திட்டறதுக்கு நான் என்ன மனுசி இல்லியா? வேணும்னா நல்ல வார்த்தையாப் புதுசாச் சொல்லித் தரட்டுமா? 'தாரணி, தண்ணி வருதும்மா கண்ணு'ன்னு?"

"பழசுதான் வேணும்," என்றார் பாய்.

அவள் பூபதி வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் சொருகியிருந்த மைக் முன்னால் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், போட்டோ எடுக்கப்போகிற மாதிரி. "என் சத்தம் இருக்கட்டும்."

"நன்றி. ஒரு குரல் சம்மதம். இன்னும் ஒரு குரல்."

அந்த இன்னும் ஒரு குரல் யார்? கீரை விற்கிறவராக இருக்கும் என்று கூப்பிட்டார்கள். இல்லை. பால்காரர் வந்து ஹெல்மெட்டோடு சொல்லிப் பார்த்தார். இல்லை. மாடி வீட்டு மணிமாறன் வாத்தியார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, ஆனாலும் வந்து சொல்லிப் பார்த்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. செய்தி பரவியது. சந்தே திரண்டு வந்தது. மாவு வாங்குகிற பெண்கள் கையில் தூக்குப்போசியோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக 'என் சத்தம் இருக்கட்டும், என் சத்தம் இருக்கட்டும்' என்று சொல்ல, கம்ப்யூட்டர் ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் மன்னிப்புக் கேட்டது. வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள்.

"நம்ம சத்தம் இதுல இல்லைங்கறதுக்கு இவ்வளவு வருத்தப்படறாங்களே," என்று பாய் மெதுவாகச் சொன்னார்.

எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒருவரும் இல்லை.

"ஊட்ல இருந்தது யாரு யாரு?" என்று பாய் மறுபடி கேட்டார்.

"தாரணி. அவ குரலைத்தான் வடிச்சு எடுத்தாச்சே. அப்புறம் செழியன். அவன்தான் பேசமாட்டானே பாய்!"

அறைக் கதவருகில் நின்றிருந்த தாரணி சட்டென்று நிமிர்ந்தாள். வளையல் போட்ட கையால் கதவைத் தட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள். அவள் தன் காதைக் காட்டினாள், கிரைண்டரைக் காட்டினாள், காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தாள், நீளமாக, மேலும் கீழுமாக. யாருக்கும் புரியவில்லை.

"தண்ணி வேணுமா?" என்றான் பூபதி.

தாரணி தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கிரைண்டர் ஓடும்போது அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய இழுவை வருவதை அவள் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். பெல்ட் சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். பெல்ட்டை மாற்றிய பிறகும் வந்தது. கல் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பாடிக்கொண்டே கேட்கிறவளுக்கு என்ன தெரியும்?

ஊறிக்கிடந்த அரிசி இல்லை. இருந்த உளுந்தை எடுத்துவைத்தாள். கல்லைக் கழுவினாள். தண்ணீர் ஓடி வளர்மதி வாசல் பக்கம் போயிற்று. உளுந்தைப் போட்டாள், கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது.

உள்ளே படுத்திருந்த செழியன் எழுந்து வந்தான். அத்தனை பேர் நிற்பதை அவன் பார்க்கவே இல்லை. மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தான். தாரணி அவன் பக்கத்தில் தோசைத் தட்டை வைத்தாள். அவன் காத்திருந்தான். மதில் பக்கம் பார்த்தான்.

தாரணியும் மதிலைப் பார்த்தாள். பிறகு வளர்மதியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்: போ, போய்த் திட்டு.

"என்னங்கறா? திட்டோணுமா? இத்தனை பேரை வெச்சுக்கிட்டா?"

"போங்கக்கா!" என்று பூபதி கத்தினான்.

வளர்மதி ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "ஏ... ஏம்புள்ள தாரணி... தண்ணி வருதே..."

செழியன் அசையவில்லை.

"நல்லாத் திட்டுங்கக்கா!"

"வெக்கமா இருக்குதுங்ணா!"

"எம்பையனை நெனச்சுக்கிட்டுத் திட்டுங்கக்கா!"

பிறகு வந்தது பாருங்கள்: "ஏம்புள்ள! கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? நான் வாசல் தெளிச்சுக் கோலம் போட்டா நீ அதுல கல்லைக் கழுவி உடறயா? உங்கூட்டு உளுந்துத் தண்ணில எங்கூட்டுக் கோலம் தோசையாட்ட நிக்குது! உன்னையெல்லாம்..." பாதியில் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே மேலே திட்டினாள்.

அப்போது அந்த இழுவை கேட்டது.

முதலில் எல்லாரும் கிரைண்டரைத்தான் பார்த்தார்கள். மெல்லிசாக, மூக்கிலிருந்து, மேலே போய்க் கீழே இறங்கிற்று. *சுத்து சுத்து கருங்கல்லே.* சொல் இல்லை, மெட்டு மட்டும். செழியன் வாயைத் திறக்கவில்லை. தொண்டை மட்டும் அசைந்தது. இத்தனை வருஷமும் அவன் அம்மாவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் குரலும் கல்லின் இரைச்சலும் மேலே கிடந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒன்று அந்தச் சின்ன மைக். அதுவும் சக்கை என்று ஒதுக்கிப் பூட்டிவிட்டது.

அம்மா மூச்சு வாங்க நிறுத்துகிற இடம் வந்தது. அவனும் நிறுத்தினான். அந்த இடைவெளியில் அவன் கை தட்டுக்குப் போயிற்று. தோசையைப் பிய்த்தது. வாயில் போட்டது.

கம்ப்யூட்டர் பேசியது: "இரண்டாவது குரல் கிடைத்தது. சம்மதம் என்றால், 'என் சத்தம் இருக்கட்டும்' என்று சொல்லவும்."

செழியன் அடுத்த அடியைப் பாடினான்.

"சம்மதம் என்றால், 'என் சத்தம் இருக்கட்டும்' என்று சொல்லவும்."

"அவனால எப்படிச் சொல்ல முடியும்?" என்றான் பூபதி, அழுகையோடு. "பாய், தொறக்க வேண்டாம். இப்பப் பாடறானே, இதைப் பதிஞ்சுக்கலாம். பட்டன் எது?"

பாய் தலையை ஆட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "பேரு சொன்னவங்க குரலைத்தாண்ணா வெச்சுக்கும். தம்பி பேரு சொல்லமாட்டாரு. எத்தனை தடவை பதிஞ்சாலும் வடிச்சு எறிஞ்சுடும். சட்டம் போட்டவங்க பேசத் தெரிஞ்சவங்கண்ணா. இப்படி ஒரு ஆளு இருப்பாருன்னு நெனச்சிருக்க மாட்டாங்க."

"அப்ப எம்பையன் பாடறதை எதுலயும் வெக்கவே முடியாதா?"

கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையாகக் கேட்க ஆரம்பித்தது. தாரணி வந்து மைக்கின் வயரைப் பிடுங்கினாள். கோபமாக இல்லை. தூங்குகிற பிள்ளை மேலிருந்து ஈயை விரட்டுகிற மாதிரி. பிறகு செழியன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வளையல் குலுங்க, மாவைத் தள்ளிவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வளர்மதி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது தோசை முடிந்தது. தாரணி எழுந்து தோசைக்கல்லைக் காயவைத்து மூன்றாவதை ஊற்றினாள், ஓரம் முறுக.

சின்ன மைக்கைப் பாய் திரும்ப எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு யாரோ வந்து ஹலோ சொல்லியிருப்பார்கள், அந்தச் சக்கை அழிந்திருக்கும். போகட்டும். பெரிய மைக்கில் பாடிய தேன் பாட்டு மட்டும் இருக்கிறது. பூபதி அதை யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. மாவு கொண்டுபோகும்போது வண்டியில் தனியாகக் கேட்டுக்கொள்வான். தாரணி கழுத்தில் பெட்டி மாட்டிக்கொண்டு, காலையில் முதல் வேலையாக மதிலைத் தட்டி, "அக்கா, தண்ணி உடறேன்" என்பாள். அந்தப் பக்கமிருந்து உடனே வரும், பொடனியில் கண் வைத்த திட்டு. செழியன் பாட்டை மட்டும் எந்தப் பெட்டியிலும் கேட்க முடியாது, கண்ணுகளா. கேட்க ஆசைப்படுகிறவர்கள் கிரைண்டர் ஓடுகிற நேரத்துக்குத் தூக்குப்போசியோடு அந்தச் சந்துக்குப் போக வேண்டும். போகிறார்கள். மாவு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள்.

சரி, எழுந்திருங்கள், உங்கள் வீடு காத்துக்கொண்டிருக்கும். போனதும் உங்கள் வீட்டில் ஓடுகிற சத்தத்தையெல்லாம் ஒரு தடவை நின்று கேளுங்கள். உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வைத்த தட்டில் கை விழட்டும். உங்கள் வீட்டில் குரல் எழாதவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கும் கேட்கிற காது ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த வீட்டுத் திட்டு அன்போடு மதில் தாண்டி வரட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் வயிறு நிறைந்து, சத்தம் நிறைந்து, நல்லா இருங்கள்.